இடைவேளை வரை பார்த்த காவியம்

விமர்சகர் தன் தீர்ப்புகளை நினைத்து நெஞ்சை நிமிர்த்திய காலம் ஒன்று இருந்தது. இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது. முப்பது வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் படங்களுக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறார். மறுவெளியீட்டில் பார்த்து, 'பேய் வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது' என்று அவர் கிழித்துத் தொங்கவிட்ட கறுப்பு வெள்ளைப் படத்தை இன்று கல்லூரியில் பாடமாக வைத்திருக்கிறார்கள். 'சினிமாவை இனி இதற்கு முன், இதற்குப் பின் என்றுதான் பிரிக்க வேண்டும்' என்று ஐந்து நட்சத்திரம் அள்ளிக் கொடுத்த ரோபோ படம், அதில் நடித்தவர்களுக்கே மறந்துபோயிற்று. ஒரு நீதிமன்றப் படத்தை மூன்று வருட இடைவெளியில் இரண்டு முறை விமர்சித்தார். முதல் தடவை காவியம், அடுத்த தடவை கொட்டாவி. இரண்டையும் ஒரே உறுதியோடுதான் எழுதினார்.

அவருடைய தீர்ப்புகளில் காலம் அசைத்துப் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான். லிஃப்ட் இயக்கும் ஒரு தகப்பனைப் பற்றிய படம். நாலு நாள்தான் ஓடியது. அவர் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டுத் திரைப்படச் சங்கங்கள் அதைத் தேடிப்பிடித்தன, இரண்டு பேர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார்கள். இன்று அதற்கு வெள்ளிவிழாத் திரையிடல். படம் முடிந்ததும் விமர்சகர் பேச வேண்டும். பக்கத்து நாற்காலியில் இயக்குநர் உட்கார்ந்திருப்பார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அந்தப் படத்தின் இரண்டாம் பாதியை விமர்சகர் பார்த்ததே இல்லை.

அந்த நாளில் பத்திரிகையின் சினிமாப் பக்கம் ஆறு மணிக்கு மூடிவிடும். படம் மூன்று மணிக்குத்தான் தொடங்கும். அதனால் எல்லா விமர்சகர்களும் இடைவேளையில் எதிர்த்த டீக்கடைக்கு ஓடி, முக்கால் விமர்சனத்தை அங்கேயே எழுதித் தொலைபேசியில் படித்துவிட்டு, திரும்பப் போய் மீதியைப் பார்த்து, கடைசி நாலு வரியைச் சொல்வார்கள். அன்றைக்கு அவருக்குக் கடைவாய்ப் பல் உயிரை வாங்கியது. இடைவேளையில் டீக்கடைக்குப் போகாமல் பல் மருத்துவரிடம் போனார். முதல் பாதி அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டாம் பாதி எப்படிப் போகும் என்று இத்தனை படம் பார்த்தவனுக்குத் தெரியாதா என்ற திமிரில், அங்கே காத்திருந்த நேரத்தில் மீதியைத் தானே எழுதினார்: 'மகள் போன பிறகு அந்தத் தகப்பன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. லிஃப்ட் ஏறுகிறது, இறங்குகிறது. கடைசியில் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் நிற்கிறான். அந்த மௌனத்துக்கே ஐந்து நட்சத்திரம்.'

அதன் பிறகு அந்தப் படத்தின் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. முதலில் பயம், பிறகு வெட்கம். எங்கே கூப்பிட்டாலும் படம் முடிந்த பிறகு போய்ப் பேசிவிட்டு வருவார். இந்தத் தடவை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். இடைவேளையில் நழுவப் பார்த்தவரை மனைவி பிடித்து உட்காரவைத்தார்.

இடைவேளை முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் தகப்பனுக்கு ஒரு இரட்டைச் சகோதரன் முளைத்தான். விமர்சகர் நாற்காலியில் துள்ளிவிட்டார். பிறகு நாலு சண்டை வந்தது. ஒரு ஹெலிகாப்டர் வந்தது. கடைசியில் தகப்பன் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு சமுதாயத்தைப் பார்த்துப் பதினோரு நிமிடம் கத்தினான். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர்கள் அந்தக் கத்தலுக்கு அடியில் இருக்கும் மௌனத்தைப் பற்றி நூற்றெண்பது பக்கம் எழுதியது ஏன் என்று விமர்சகருக்கு இப்போதுதான் விளங்கியது. அவர்கள் பாவம், அவரை நம்பியிருக்கிறார்கள்.

"என்னங்க, இந்தப் படத்தை நீங்க பார்த்ததே இல்லையா?" என்று மனைவி காதுக்குள் கேட்டார். அவர் கணக்கு டீச்சர். விடைத்தாளைப் புரட்டாமல் மார்க் போடுவது அவர் அகராதியில் இல்லை.

"பாதி பார்த்தேன்."

"பாதி பேப்பரைத் திருத்திட்டு நூத்துக்கு நூறா?"

"அப்புறம் திட்டு. இப்ப மேடையில என்ன சொல்றதுன்னு சொல்லு."

"உண்மையைச் சொல்லுங்க. வேற என்ன?"

சொல்வது அவ்வளவு சுலபமில்லை. உண்மையைச் சொன்னால் அவருடைய மானம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் பெரிதாக மிச்சமில்லை. இயக்குநருக்கு ஊர் உலகத்தில் இருப்பது இந்த ஒரு படத்தின் பெயர்தான். டப்பிங் ஸ்டூடியோவில் மேலாளராக இருக்கிறார். அந்தப் பெயரையும் பிடுங்குவதா? பொய்யைத் தொடர்ந்தால், இன்னும் எத்தனை பிள்ளைகள் ஹெலிகாப்டருக்குள் மௌனத்தைத் தேடுவார்கள்? மேடை ஏறும்வரை எதுவும் முடிவாகவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்ததும் மனைவியின் முகம் கண்ணில் பட்டது.

"அன்னிக்கு நான் இடைவேளையிலேயே எழுந்து போயிட்டேன்," என்றார். "இரண்டாம் பாதியை இன்னிக்குத்தான் முதல் தடவையாப் பார்க்கிறேன். பத்திரிகையில எழுதினது என் கற்பனை."

அரங்கம் கூரை அதிரச் சிரித்தது. என்ன தன்னடக்கம், என்ன நக்கல் என்று பாராட்டிப் பேசினார் திரையிடலை நடத்திய சங்கத்தின் தலைவர். வாழ்நாளில் முதல் தடவையாக மேடையில் உண்மை பேசிய விமர்சகருக்கு, வாழ்நாளிலேயே பெரிய கைத்தட்டல் கிடைத்தது. சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கணக்கு டீச்சர், இன்னொருவர் இயக்குநர்.

கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் இயக்குநர் அவரிடம் வந்தார்.

"எனக்குத் தெரியும் சார். அன்னிக்கு நான் தியேட்டர் வாசல்லதான் நின்னேன். கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நீங்க டாக்ஸியில ஏறினதைப் பார்த்தேன். சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

விமர்சகர் தன்னையறியாமல் கன்னத்தைத் தொட்டார். "இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"எப்படிச் சொல்வேன்? ஹெலிகாப்டர், சண்டை எல்லாம் தயாரிப்பாளர் கேட்டது. தலையாட்டிட்டு எடுத்தேன். மறுநாள் உங்க விமர்சனத்தைப் படிச்சுட்டு அழுதுட்டேன் சார். நீங்க எழுதியிருந்ததுதான் நான் எடுக்க நினைச்ச படம்."

விமர்சகருக்குக் கண் கலங்கியது. இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவமானத்துக்கு நடுவிலும், தன் பொய்யில் ஒரு நல்ல படம் இருந்ததே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் புத்தி எங்கே போகும்?

"அதனால அடுத்த படத்துல அதையே எடுத்தேன்," என்றார் இயக்குநர். "பாலத்துக்குக் காவல் இருக்கிற ஒரு தகப்பன். மகள் போனதுக்கப்புறம் பேசவே மாட்டான். இந்தத் தடவை யார் பேச்சையும் கேட்கல. வீட்டை வித்து நானே எடுத்தேன்."

"அப்படியா? எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"நீங்க பார்த்தீங்க சார். கடைசி வரிசையில உட்கார்ந்து உங்களையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். பேர் ஓடி முடியற வரைக்கும் நீங்க எழுந்திருக்கல."

விமர்சகர் நினைவைத் துழாவினார். பாலமும் வரவில்லை, தகப்பனும் வரவில்லை. ஆயிரத்துச் சொச்சத்தில் எங்கோ புதைந்து கிடந்தது. "என்ன எழுதினேன்?"

இயக்குநர் கோபமில்லாமல், மனப்பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்: "'முதல் படத்தில் தானாக அமைந்த மௌனத்தை இதில் காப்பியடித்திருக்கிறார். உயிரில்லை. ஒன்றரை நட்சத்திரம்.' அதுக்கப்புறம் எனக்கு யாரும் படம் கொடுக்கல."

விமர்சகர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அது ரொம்ப மலிவாக இருக்கும் என்று பட்டது. கடைசியில், "அந்தப் படம் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார். "இருந்தா இப்பவே உங்க வீட்டுக்கு வர்றேன். இன்னொரு தடவை பார்க்கிறேன்."

இயக்குநர் கழுத்தில் போட்டிருந்த மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வேண்டாம் சார். இப்பப் பார்த்து உங்களுக்குப் பிடிச்சிடுச்சுன்னா, நான் என்ன பண்ணுவேன்?"