கன்னத்தில் ஒட்டிய பவுடர்

சிப் தொழிற்சாலைப் பயிற்சியில் என் மூன்றாவது சிலிக்கான் தகடும் பாழ். மூன்று முறை கழுவி, காயவைத்து, பசையை ஊற்றிச் சுழற்றினால் கண்ணாடிபோல் பரவ வேண்டும். எனக்கோ ஒவ்வொரு தகட்டிலும் வால்நட்சத்திரம்! ஒரே ஒரு தூசி போதும், பசை அதைச் சுற்றி வால் விட்டுவிடும்.

பயிற்சி கொடுப்பவள் என்னைவிடச் சின்னவள். மஞ்சள் விளக்கடியில் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, பவுடர் போட்டீங்களா?"

"சத்தியமா இல்லங்க. முதல் நாளே கூடாதுன்னு சொன்னீங்களே!"

ஒட்டுநாடாவை என் கன்னத்தில் ஒற்றி நுண்ணோக்கியில் வைத்தாள். பவுடரேதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. தினமும் நான் கிளம்பும்போது, பள்ளிக்கூடத்துக்குப் பவுடர் அப்பிய முகத்தோடு என் மகள் முத்தம் கொடுப்பாள்.

மாலையில் தகடு கழுவுவதிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி, "இனிமே காலையில முத்தம் வேணாம்டி" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் செருப்பை மாட்டும்போது, முன்முடி நனைந்திருக்க ஓடிவந்து கன்னத்தைக் காட்டினாள்.

"மூணு வாட்டி கழுவி, ஃபேனுக்குக் கீழ காயவச்சுட்டேன்மா. உன் தகடு மாதிரியே. இப்ப குடுக்கலாம்ல?"