பொத்தான் மேல் அண்ணியின் விரல்

பேருந்து நிலையத்தில் எட்டாம் நம்பர் நடைமேடைக்கு எதிரே, கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள் அண்ணி. டைம்கீப்பர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பெரிய நோட்டில் எழுத வேண்டும். தாமதம் என்றால் கடைசிக் கட்டத்தில் காரணம். மற்ற டைம்கீப்பர்கள் அந்தக் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ‘நெரிசல்’ என்று போட்டுவிடுவார்கள். அண்ணி நடந்ததை நடந்தபடி எழுதுவாள். ‘டயர்.’ ‘மழை.’ ஒரு தடவை, ‘டிரைவர் செருப்பைத் தேடினார்.’

அந்த டிரைவர் மேலதிகாரியிடம் விளக்கம் சொல்லிவிட்டு, முகம் தொங்கிப்போய் ஜன்னலுக்கு வந்தார். “ஏம்மா, நெரிசல்னு எழுதினா உன் பேனா முனை ஒடிஞ்சா போயிடும்?”

“நெரிசலே இல்லையேண்ணே. செருப்புதானே இல்லாம இருந்துச்சு.”

இப்படிப்பட்டவளைக் கூடைப்பந்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனது அவளுடைய நாத்தனார்தான். நாத்தனாருக்கு வீட்டில் பெயர் ஏணி. ஆறடி ஒரு அங்குலம். பரண் மேலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் வீட்டில் யாரும் நாற்காலியைத் தேடுவதில்லை, அவளைத்தான் தேடுவார்கள். மைதானத்தில் கடிகாரப் பெட்டியை இயக்க ஆள் போதவில்லை என்று சொன்னபோது, “எங்க அண்ணி இருக்காங்க, நொடிக்கணக்குல சண்டை போடுவாங்க” என்று பெருமையாகச் சிபாரிசு செய்தவளும் அவளே. வினையை அவளே ஆட்டோ வைத்து அழைத்து வந்தாள் என்று பிற்பாடு மாமியார் சொன்னார்.

அந்தப் பெட்டியில் வேலை சின்னதுதான், வம்பு பெரியது. பந்து கைக்கு வந்தால் இருபத்துநாலு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி அதே அணிக்குக் கிடைத்தால், பொத்தானை அழுத்திப் புதிதாகப் பதினாலு நொடி கொடுக்க வேண்டும். வளையத்தில் படாமல் பின்னாலிருக்கும் பலகையில் மட்டும் பட்டால் ஒன்றும் கிடையாது. மணி அதுபாட்டுக்கு ஓடும், தீர்ந்தால் சங்கு ஊதும், பந்து எதிரணிக்கு. பட்டதா, படவில்லையா. அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த வளையத்தைப் பார்த்து வந்தாள். ஏணி கூப்பிட்டுக் கூப்பிட்டு, விளையாடுகிற பெண்களிலிருந்து நரைத்த நடுவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

நாலு மாதத்தில் நாடுகளுக்கிடையே நடக்கும் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி. பயிற்சி முகாமில் பதினாறு பேர். போவது பன்னிரண்டு பேர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏணி அந்தப் பன்னிரண்டில் இருந்தாள். கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது முழங்கால் பிசகி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை நீட்ட இடமில்லாமல் குறுக்காகப் படுத்துக்கொண்டு டிவியில் பார்த்தாள். இப்போது வயது இருபத்தொன்பது. இதை விட்டால் அடுத்தது முப்பத்துமூன்றில். போவதா வேண்டாமா என்று அப்போது முழங்காலைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை கடைசிப் பயிற்சி ஆட்டம். பதினாறு பேரையும் சிவப்பு, வெள்ளை என்று பிரித்து விட்டிருந்தார் கோச் அம்மா. நோட்டுப் புத்தகமும் மூடி இல்லாத பேனாவுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லப் போகிறார், நீ உண்டு, நீ இல்லை என்று.

முப்பத்தெட்டு நொடி மிச்சம் இருக்கும்போது வெள்ளை அணி ஒரு புள்ளி பின்னால். பந்து வெள்ளையிடம். அண்ணியின் மணி இருபத்துநாலிலிருந்து இறங்க ஆரம்பித்தது. பந்து கை மாறி, கை மாறி, ஆறு நொடி இருக்கும்போது ஏணியிடம் வந்தது. எறிந்தாள். பலகையில் ‘டப்’ என்று பட்டுத் திரும்பிய பந்தை அவளே எம்பிப் பிடித்தாள். ஐந்து நொடி.

அவள் ஒரு கணம் அண்ணி இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு பந்தைத் தட்டிக்கொண்டே, “பொறு, பொறு, நிதானமா” என்று மற்றவர்களுக்குக் கை காட்டினாள். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற நிதானம். நாலு, மூன்று, இரண்டு. “மணி! மணி!” என்று யாரோ அலறினார்கள். ஏணி திடுக்கிட்டுத் திரும்புவதற்குள் சங்கு ஊதிவிட்டது.

நரைத்த நடுவர் மேஜைக்கு ஓடி வந்தார். நெட்டையான இரண்டு பெண்கள் மறைத்ததில் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. “அண்ணி, வளையத்துல பட்டுச்சா?”

ஏணி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“படல. போர்டுல மட்டும்தான்.”

பந்து சிவப்புக்குப் போனது. அவர்கள் மிச்சமிருந்த பதினாலு நொடியை உருட்டி உருட்டியே தீர்த்தார்கள். ஒரு புள்ளியில் வெள்ளை தோற்றது. கோச் அம்மா நோட்டில் ஏதோ எழுதினார். எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டார். அந்தக் கோடு தன் முதுகில் விழுந்தது போலிருந்தது அண்ணிக்கு.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேறு வேறு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஆட்டம் பார்க்க வந்து, பின்னாலேயே ஏறிய அண்ணியின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர், இந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நடுவில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் தங்கை, இன்னொரு பக்கம் மனைவி. எந்தக் கண்ணாடி போட்டாலும் தீராத கோளாறு.

வீட்டில் சேதி அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ஏணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியார் துணி மடித்தபடியே ஆரம்பித்தார்.

“ஏம்மா, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காத. பட்டுச்சுன்னே வச்சுக்க. ஒரு அழுத்து அழுத்தினா அந்தப் பொத்தான் தேஞ்சா போயிடும்?”

“படல அத்தை.”

“புருஷன் கண்ணாடிக் கடை வச்சிருக்கான். ஒரு நாள் கண்ணை டெஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?”

“போன மாசம்தாம்மா பண்ணேன்” என்றார் கணவர். “பார்வை நல்லா இருக்கு.”

“உன்னை யாருடா கேட்டா?”

அண்ணி பாத்திரம் கழுவப் போனாள். அழுக்கில்லாத பாத்திரங்களையும் கழுவினாள். படவில்லை என்பதில் மைதானத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வீட்டில் காற்று ஒரு மாதிரியானது. அரை மணி நேரம் யாரும் பேசாமல் இருந்தால் கண்ணால் பார்த்ததையே கரைத்துவிடும். ஒருவேளை லேசாக உரசியிருக்குமோ? மயிரிழை? போதாக்குறைக்கு, அவளை அரித்துக்கொண்டிருந்த இன்னொரு விஷயமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாமியாருக்குத் திடீரென்று பொறி தட்டியது. “டேய், நீ ஆட்டம் முழுக்கப் போனைத் தூக்கிப் பிடிச்சிட்டு நின்னியாமே? பக்கத்து வீட்டுப் பொண்ணு சொன்னா. போட்டுக் காட்டு. பட்டதா படலையான்னு தெரிஞ்சிடும்ல.”

கணவர் முகம் வெளுத்தது. “சார்ஜ் இல்லம்மா.”

“போடு, சார்ஜ்ல.”

“கடைசி நிமிஷம் சரியா விழல.”

“விழுந்த வரைக்கும் காட்டு.”

“அது வந்து... கை ஆடிடுச்சு.”

ஊருக்கெல்லாம் அரை மில்லிமீட்டர் பிசகாமல் கண்ணாடி வெட்டுகிற கை. மாமியார் போனைப் பிடுங்கி அண்ணியிடம் நீட்டினார். அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுத்தினாள்.

ஆட்டம் ஓடியது. ஏணி பந்தை வாங்குகிறாள். எறியக் கை தூக்குகிறாள். அந்த நேரம் பார்த்துப் படம் மெல்ல இடது பக்கம் நகர்ந்து, மைதானத்தை விட்டு வெளியே வந்து, மேஜையில் போய் நின்றுவிட்டது. திரை முழுக்க அண்ணி. கழுத்தை நீட்டிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்துகொண்டு, வளையத்தையே பார்க்கிற அண்ணி.

“ஏன்டா,” என்றார் மாமியார் நிதானமாக, “தங்கச்சி பந்து எறியறா. நீ பொண்டாட்டியைப் படம் எடுத்துட்டு இருக்க. கல்யாணமாகி எத்தனை வருஷம்டா ஆச்சு?”

“அவ அப்படி உக்காந்திருக்கறது எப்பவுமே...” என்று ஆரம்பித்த கணவர், வாக்கியத்தை முடிக்க வழி தெரியாமல் கூடத்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

அண்ணிக்குக் காது மடல் சூடானது. அதை அனுபவிக்கக்கூட நேரமில்லை. ஏணி எப்போதோ கதவைத் திறந்துகொண்டு, நிலைப்படிக்குத் தலையைக் குனிந்து, அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“திரும்பப் போடுங்க” என்றாள்.

போட்டார்கள். பலகையில் பந்து படுகிற ‘டப்’ சத்தம் மட்டும் கேட்டது. திரையில் அண்ணியின் கட்டைவிரல் மேலே எழும்பி, பொத்தானுக்கு மேல் வந்து நின்றது. அங்கேயே நின்றது. பிறகு, சூடான பாத்திரத்தைத் தொட்டது போல விலகி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அவளை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

“விரல் போயிருக்கு” என்றாள் ஏணி.

“போச்சு.”

“அழுத்தலாம்னு நெனைச்சீங்களா அண்ணி?”

பழக்கத்தில் போனது, கை வலித்தது, ஈ உட்கார்ந்தது என்று சொல்ல ஆயிரம் இருந்தன. எல்லாம் நெரிசல்.

“நெனைச்சேன். நீ போன தடவை ஆஸ்பத்திரியில குறுக்கப் படுத்திருந்தது ஞாபகத்துக்கு வந்துடுச்சு. விரல் தானாப் போச்சு.”

“அப்புறம் ஏன் அழுத்தல?”

“படலியே ஏணி. என்ன பண்ணச் சொல்ற?”

ஏணி அண்ணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் இருவரும் ஒரே உயரம்.

“படலைன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். “கம்பியில பட்டா ஒரு சத்தம் வரும். வரல. பந்தைப் பிடிச்சதும் மணியைப் பாத்திருக்கணும். நான் உங்களைப் பாத்தேன். விரல் மேல போச்சு. அப்பாடா, நம்ம அண்ணிதானே, பதினாலு போட்டிருப்பாங்கன்னு நின்னுட்டேன். வேற யாராவது உக்காந்திருந்தா மணியைப் பாத்திருப்பேன். அஞ்சு நொடியில ரெண்டு தடவை எறிஞ்சிருப்பேன்.”

“இதைத்தான் இவ்வளவு நேரம் கதவைச் சாத்திட்டு உள்ள வச்சிருந்தியா?”

“வெளிய வந்து என்னன்னு சொல்றது?”

மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார் மாமியார். “ஆக, ஒருத்தி திருட நெனைச்சிருக்கா, ஒருத்தி திருட்டுப் பொருளுக்குக் கையை நீட்டிட்டு நின்னிருக்கா. நடுவுல என் பையன் படம் எடுத்திருக்கான். நல்ல குடும்பம். எந்திரிங்க, சாப்பிடலாம்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணிக்குக் காலை டியூட்டி. எட்டு மணி வண்டியை எட்டுக்கு அனுப்பினாள், எட்டே காலை எட்டே காலுக்கு. ஒன்பதரைக்குப் பிறகு நிலையத்துக் கடிகாரத்தை விட்டுவிட்டு நுழைவாயிலையே பார்க்க ஆரம்பித்தாள். பத்து நாற்பது வண்டிக்குக் கையெழுத்து வாங்க அந்தச் செருப்பு டிரைவர் சீட்டை ஜன்னலுக்குள் நீட்டியபோது, கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தனியாக மிதந்து வந்தது. தலையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏணி ஜன்னலுக்குக் குனிந்தாள். மூச்சு வாங்கியது.

“கோச் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க அண்ணி. ‘நேத்து மணியை ஏன் பாக்கல?’ன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“நெரிசல்னா சொல்ல முடியும்? ‘டேபிள்ல எங்க அண்ணி இருந்தாங்க, அழுத்திடுவாங்கன்னு நெனைச்சேன்’னு சொல்லிட்டேன்.”

“அடிப்பாவி! இதையா போய்ச் சொன்ன?”

“அம்மா, கையெழுத்து” என்றார் டிரைவர்.

“இருங்கண்ணே! சொல்லு, அப்புறம்?”

“ரொம்ப நேரம் பேனாவைக் கடிச்சிட்டு இருந்தாங்க. ‘அங்க போனா டேபிள்ல நாலு பேர் உக்காந்திருப்பாங்க. அதுல யாராவது உனக்கு அண்ணியா?’ன்னாங்க. ‘இல்ல மேடம்’னேன். ‘அக்கா? சித்தி? ஒண்ணுவிட்ட சொந்தம்?’ ‘யாரும் இல்ல மேடம்.’ ‘அப்ப மணியைப் பாப்பியா?’ ‘பாப்பேன் மேடம்.’”

“அப்புறம்?” என்றார் டிரைவர். சீட்டு அவர் கையில் மடங்கிக் கிடந்தது. வண்டியில் யாரோ பொறுமையில்லாமல் ஜன்னல் கம்பியைத் தட்டினார்கள்.

“நோட்டைத் திருப்பிக் காட்டினாங்க. கோடு போட்டிருந்தாங்கல்ல? ‘ஆள் தேவை, கண் மணி மேல இல்லை’ன்னு எழுதி, அதுக்குக் கீழதான் கோடு. பேனாவை எடுத்து அந்தக் கோட்டுக்கு மேல பன்னிரண்டுன்னு நம்பர் போட்டாங்க.”

அண்ணிக்குக் கணக்குத் தப்பியது. “பன்னிரண்டுன்னா... உள்ளயா, வெளியவா?”

“உள்ள அண்ணி! கடைசி ஆள், ஆனா உள்ள!”

கம்பிக்கு இடையில் அவ்வளவு நீளக் கை இரண்டும் தோள் வரை நுழைந்து வந்தன. அண்ணி அவற்றைப் பிடித்துக்கொண்டாள். பேனா எங்கோ உருண்டு போனது. டிரைவர், தன் சொந்தத் தங்கைக்கு வேலை கிடைத்தது போலத் திரும்பி நின்று கண்டக்டரிடம், “நம்ம பொண்ணுப்பா! வெளிநாட்டுக்கெல்லாம் விளையாடப் போவுது!” என்று சத்தம் போட்டார்.

“இன்னும் ஒண்ணு சொன்னாங்க” என்றாள் ஏணி. “முகாம் முடியற வரைக்கும் டேபிள்ல நீங்கதான் உக்காரணுமாம். என் பக்கம் மட்டும் பாக்கக் கூடாதாம்.”

“நான் எங்க உன்னைப் பாக்கறேன்? வளையத்தைத்தானே பாக்கறேன்.”

“விரல் யாருக்காகப் போச்சுன்னு அண்ணன் வீடியோல இருக்கு, மறந்துடாதீங்க.”

பத்து நாற்பது வண்டி பத்து நாற்பத்துநாலுக்குத்தான் கிளம்பத் தயாரானது. ஐந்து வருஷத்தில் அண்ணியின் ஜன்னலால் ஒரு வண்டி தாமதமானது அதுதான் முதல் தடவை. அவள் மேஜைக்கடியில் தவழ்ந்து பேனாவைத் தேடி எடுத்து, நேரத்தை எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றாள்.

“நெரிசல்னு போட்டுடும்மா” என்றார் டிரைவர் குரலைத் தாழ்த்தி. “இன்னிக்கு ஒரு நாள்தானே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அண்ணி யோசித்தாள். விரல் ஒரு கணம் நின்றது. பிறகு குண்டு எழுத்தில், கட்டத்தை விட்டு வெளியே போகாமல் எழுதினாள்: ‘நாத்தனார்.’

டிரைவர் எட்டிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “இதுக்கு நான் என்னன்னு விளக்கம் சொல்றது?”

“நடந்ததைச் சொல்லுங்கண்ணே” என்றாள் அண்ணி. “கிளம்புங்க, மணி ஓடுது.”