பானெட்டுக்கு அடியில் ஒரு மெத்தை

ஆனரபிள் அசுமாடு தேர்தலில் தோற்று ஒன்பது வருடமாகிறது. எம்.பி.யாக இருந்தபோது வந்த அந்த ‘ஆனரபிள்’ பட்டத்தை மட்டும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்க யாருக்கும் தெம்பில்லை. அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவது சுலபம்.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய பழைய ஜெர்மன் கார் குமாசியில் மேகசின் என்ற மெக்கானிக் பேட்டையில், ஃபிட்டர் அடாடேயின் பட்டறை முன்னால் நின்றது. பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த, சத்தம் அடக்கும் மெத்தை தொந்தியாகத் தொங்கியது. முந்தின நாள் அது சூடான புகைக்குழாய்மேல் உட்கார்ந்து புகைந்திருக்கிறது.

மறுநாள் அவருடைய மாமியாரின் இறுதி ஊர்வலம். பிணவறையிலிருந்து தாஃபோவில் இருக்கும் வீடு வரை, சவ வண்டிக்கு முன்னால் மூத்த மருமகனின் கார் போக வேண்டும். இது போகாவிட்டால் இளைய மருமகனின் புது பிக்கப் போகும். அதற்குப் பதிலாகத் தானே சவ வண்டியில் ஏறிப் படுத்துவிடலாம் என்பது போல இருந்தது ஆனரபிளின் முகம்.

எங்கள் மேகசினில் காரை விட்டுவிட்டு யாரும் நகர்வதில்லை. திரும்பி வருவதற்குள் உள்ளே எது மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. அவரும் பெஞ்சில் உட்கார்ந்து காவல் காத்தார். காக்க அதில் எதுவும் மிச்சமில்லை. போன வருடம் அசல் எஞ்சின் செத்தபோது, ஒரு ட்ரோட்ரோ வேனின் டீசல் எஞ்சினை அடாடேதான் உள்ளே இறக்கினார். விஷயம் அவர்கள் இருவருக்கும், பக்கத்தில் பேட்டரி சார்ஜ் போடும் எனக்கும் மட்டும் தெரியும். ஊரெல்லாம் ஆள் ஏற்றி இறக்கும் அந்த வேன்களின் கடகடப்பை இத்தனை நாள் அமுக்கி வைத்திருந்தது மெத்தைதான்.

"பசை போட்டு ஒட்டிடு மாஸ்டர்."

"ரெண்டு தடவை ஒட்டியாச்சு ஆனரபிள்."

"எடுத்துட்டா சத்தம் கேக்குமே."

"வண்டி எரிஞ்சுட்டா கேக்காது," என்றார் அடாடே, கொட்டாவிக்கு நடுவில்.

ஆனரபிள் சரியென்று தலையாட்டினார்.

அடாடே எஞ்சின்மேல் பழைய துணியை விரித்து, பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பினார். மெத்தை முழுதாக வரவில்லை. கறுப்புப் பொடியாக உதிர்ந்து வியர்வையில் ஒட்டியது. மூன்று அடுக்குப் பசை. பெட்ரோல் துணியால் நனைத்து நனைத்துச் சுரண்டி முடிக்க மத்தியானமாயிற்று. தகரம் மொட்டையாகத் தெரிந்தது. வண்டியைக் கிளப்பியதும் நாலு பட்டறைக்காரர்கள் ட்ரோட்ரோ எங்கே என்று எட்டிப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை, வழியில் நின்றால் தள்ளுவதற்கு என்னையும் அடாடேயையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார் ஆனரபிள். கறுப்புத் துணியைத் தோளில் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நடைவேகத்தில் ஓட்டினார். பின்னால் சவ வண்டி, அதற்குப் பின்னால் பிக்கப். முன்னால் கடகடகட.

சந்திப்பில், தலையில் வாழைக்காய்த் தாம்பாளத்தோடு ஒரு பெண்பிள்ளை நின்றிருந்தாள். சத்தம் கேட்டதும், ட்ரோட்ரோ என்றே நினைத்து, திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினாள். ஆனரபிளின் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. ஊர்வலம் மொத்தமும் நின்றது.

"டிரைவர், தாஃபோ போவுமா?"

பிக்கப் ஹாரன் அடித்தது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவரிடம் ஒருவர் தனக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமென்று கேட்டிருக்கிறார். ஆனரபிளின் தோள் மெல்லத் தளர்ந்தது.

"போவும், ஏறு," என்றார்.

நாங்கள் நகர்ந்து இடம் கொடுத்தோம்.