பத்மாசனிக்கு எழுத்தறிவு வந்த வெள்ளிக்கிழமை

பத்மாசனிக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது கடந்த தை மாதம் ஒரு புதன்கிழமை பின்னேரம் உத்தியோகபூர்வமாக உறுதிப்படுத்தப்பட்டது. அதுவரை அவள் தெரியும் என்ற நினைப்பில்தான் இருந்தாள்.

உறுதிப்படுத்தியவர் பரமேஸ்வரன். வவுனியா நகரில் இயங்கும் 'நகர்ப்புற ஆதிக்குடி வளர்ந்தோரின் கல்வி, மொழி, தொழில், சுகாதார மேம்பாட்டுக்கான ஒருங்கிணைந்த செயற்றிட்டம்' என்பதன் இணைப்பாளர். அலுவலக வாசல் சுவரில் அந்தப் பெயர் 'சுகாதார' வரைக்கும்தான் கொண்டது. மேம்பாடு பக்கத்து முடிவெட்டும் கடையின் சுவருக்குப் போயிருந்தது.

பத்மாசனியின் தகப்பன் வழி வேடர். வாகரைப் பக்கக் கரையிலிருந்து நாயாற்றுக்கு மீன்பிடிக்க வந்து, கரையில் வாடிக் குடிசை அடித்து, அப்படியே தங்கிவிட்டவர்கள். அவள் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தாள். இரண்டாயிரத்து ஒன்பது யுத்தத்தில் பள்ளிக்கூடமும் போனது, பதிவேடும் போனது, பையிலிருந்த சான்றிதழும் போனது. முகாமிலிருந்து வெளியே வந்தவள் வவுனியாவிலேயே நின்றுகொண்டாள். பன்னிரண்டு வருடமாக ஆசுபத்திரி வார்டொன்றில் தற்காலிகத் தொழிலாளி. கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையை வாசித்து, நோயாளியின் ஆட்களுக்கு எத்தனை மணிக்கு எந்தக் குளிசை என்று சொல்வது அவள்தான்.

பரமேஸ்வரன் அன்றைக்கு நான்கு பக்கப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். கதிரையைத் துடைத்துவிட்டுத்தான் இருந்தார்.

"அம்மா, உங்கட தாய்மொழி?"

"தமிழ்."

"அது பேசுற மொழி. உங்கட சொந்த மொழி?"

"அதுவும் அதுதான் சேர். வேற ஒண்டு வீட்டிலை இல்லை."

'அழிவின் விளிம்பில்' என்று அவர் எழுதிக்கொண்டதை அவள் தலைகீழாக வாசித்தாள்.

"வருத்தம் வந்தால் என்ன மூலிகை எடுக்கிறனீங்கள்?"

"பனடோல்."

"வேட்டைப் பழக்கம் ஏதும் இருக்கோ?"

"போன கிழமை வார்டிலை ரெண்டு எலி அடிச்சனான்."

அதையும் எழுதினார். 'வேட்டை மரபின் எச்சங்கள் நகர்ச்சூழலிலும் காணப்படுகின்றன.'

கடைசியாகக் கல்வி. வாசிக்கத் தெரியும் என்றாள். சான்றிதழ் கேட்டார். இல்லை என்றாள். 'எழுத்தறிவற்றவர்' என்ற பெட்டியில் அழகாகச் சரி போட்டார்.

"தெரியும் எண்டு சொன்னனான் சேர்."

"சான்றிதழ் இல்லாட்டித் தெரியாது எண்டுதான் போட வேணும். எங்கட வழிமுறை அப்பிடி."

அந்த ஆளை அன்றைக்கே அவள் மனதில் ஒரு மூலையில் குப்பை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அங்கேயே விட்டிருப்பாள். ஆனால் அடுத்த மாதம் வார்டுச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். நிரந்தர நியமனம், ஓய்வூதியத்தோடு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி அல்லது அதற்குச் சமமான முறைசாராக் கல்விச் சான்றிதழ் வேண்டும். வயது நாற்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. விண்ணப்பம் ஆவணி மாதக் கடைசி வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்குள் நேரில் கொடுக்கப்பட வேண்டும். எழுத்தறிவற்ற பத்மாசனி இதைத் தானும் வாசித்து, மற்ற ஐந்து தொழிலாளிகளுக்கும் வாசித்துக் காட்டினாள். அவளுக்குப் புரட்டாதியில் நாற்பத்தாறு பிறக்கிறது. அப்படியொரு சான்றிதழை அவள் கைக்கெட்டின தூரத்தில் கொடுப்பது பரமேஸ்வரனின் திட்டம் மட்டும்தான்.

ஆறு மாதம் சனிக்கிழமை தவறாமல் போனாள். பதினாறு பேர் வகுப்பில். பக்கத்துக் கதிரையில் வடிவம்மா. அறுபது வயது, உண்மையிலேயே எழுத்துத் தெரியாதவள், தெரியவேண்டிய தேவையும் தனக்கில்லை என்பவள், தேத்தண்ணியோடு பணிஸ் கொடுப்பதால் வருகிறவள். படிப்பித்த வினோஜாவுக்கு இருபத்து நாலு வயது. முதல் நாளே 'அ' எழுதப் பழக்கும்போது, பத்மாசனி பணிஸ் சுற்றிய பேப்பரில் மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு இணைப்பாளரிடம் ஓடினாள்.

"தங்கச்சி," என்றார் பரமேஸ்வரன், "ஆரம்பத்திலையே தெரிஞ்சவை எண்டால் நாங்கள் என்னத்தை மேம்படுத்திறது?"

வினோஜா திரும்பி வந்து 'ஆ' எழுதினாள்.

நிறைவு விழாவும் அந்தக் கடைசி வெள்ளியன்றுதான் வந்தது. காலை பத்து மணிக்குச் சனசமூக நிலைய மண்டபத்தில். மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பரமேஸ்வரன் ஒரு வில்லும் ஒரு கோடாலியும் சாத்தி வைத்திருந்தார். கோடாலியில் கடைக்காரன் ஒட்டிய விலைத்துண்டு கழலவில்லை.

"நல்ல கோடாலி," என்றாள் வடிவம்மா. "விழா முடியக் கேட்டுப் பாப்பம். விறகு கொத்த உதவும்."

பிரதம அதிதி ஒரு பெரிய அதிகாரி. சான்றிதழில் கையெழுத்து வைக்க அதிகாரம் உள்ளவர் அவர் ஒருவர்தான். பன்னிரண்டு மணிக்குப் பரந்தனில் இன்னொரு விழா இருப்பதால் பதினொன்றுக்கே புறப்பட வேண்டும் என்று வந்த உடனேயே அறிவித்துவிட்டார்.

பரமேஸ்வரன் பத்மாசனியைப் பக்கவாட்டுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"அம்மா, நீங்கள்தான் எங்கட வெற்றிக்கதை. இதை மேடையிலை வாசிக்க வேணும். ஆனால் விறுவிறு எண்டு வாசிக்கப்படாது. அங்கங்கை தடக்குங்கோ. கண்ணைக் கசக்கினாலும் நல்லம்."

"எவ்வளவு தடக்க சேர்?"

"நீங்கள் தடக்கத் தடக்கத்தான் அவைக்கு விளங்கும், எவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கிறம் எண்டு."

"சான்றிதழ் இண்டைக்குத் தருவியளோ?"

"மேடையிலை தருவம்."

அவர் காட்டிய திசையில் பதினாறு தாள்கள் சுருட்டப்பட்டு, சிவப்பு நாடா கட்டப்பட்டிருந்தன. வினோஜா பத்மாசனியின் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, அது வெத்துத்தாள். படம் எடுக்க. உண்மையானதுகள் சேரின்ர பைக்குள்ளை கிடக்கு, கையெழுத்து இல்லாமல். இறுதி மதிப்பீடு முடிஞ்சு மார்கழியிலைதான் குடுப்பாராம்."

பத்மாசனி மூன்று மணியை நினைத்தாள். புரட்டாதியை நினைத்தாள். பிறகு கையிலிருந்த தாளை நினைத்தாள்.

"சரி பிள்ளை," என்றாள். "சேர் சொன்னபடியே தடக்கிறன்."

அதிதி 'மண்ணின் மூத்த குடிகள்' பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். எதிரே இருந்த பதினாறு பேரில் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்காமல், கோடாலியைப் பார்த்தே பேசினார். பிறகு பத்மாசனி ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தாள். தாளில் பரமேஸ்வரனின் கைவண்ணம்: நான் பத்மாசனி. நேற்று வரை என் வாழ்வு இருளில் மூழ்கிக் கிடந்தது.

"நா," என்றாள். தாளைக் கிட்டக் கொண்டுவந்தாள். தூரத்தில் பிடித்தாள். "னா... நா... ன்."

மண்டபம் கைதட்டியது. அதிதி உருகிப்போய்த் தலையாட்டினார். பரமேஸ்வரன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார்.

'பத்மாசனி' என்ற தன் பெயரைக் கடக்க அவளுக்கு நான்கு நிமிடம் பிடித்தது. 'நேற்று' என்ற இடத்தில் ஏறி, வழுக்கி, மறுபடி 'நான்' என்பதிலிருந்து தொடங்கினாள். பதினொன்று அடித்தது. அதிதி மணிக்கூட்டைப் பார்த்தார். உருகியது கொஞ்சம் இறுகியது. 'இருளில்' என்பதன் முதல் எழுத்துக்கு வந்தபோது பதினொன்று பத்து. தாளில் இன்னும் பதினெட்டு வரி இருந்தது. சாரதி வாசலில் வந்து நின்றான். ஒரு ஆதிக்குடிப் பெண் வாழ்க்கையில் முதல் முறையாக வாசித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போக எந்தப் பெரிய மனிதரால் முடியும்? அதுவும் இரண்டு கமராக்களுக்கு முன்னால்.

பரமேஸ்வரன் மேடை ஓரமாக நகர்ந்து வந்தார். "காணும் அம்மா," என்று பல்லைக் கடித்தபடி சிரித்தார். "முடியுங்கோ."

பத்மாசனி ஒலிவாங்கியைக் கையால் பொத்தினாள். "முடிக்க ஏலாமல் கிடக்கு சேர். நெஞ்சு பதறுது. சான்றிதழ் எண்டு ஒண்டு கையிலை இருந்தால் ஒரு தைரியம் வரும்."

"மேடையிலை தாறம் எண்டனான்தானே."

"நாடா கட்டினது வேண்டாம். உங்கட பைக்குள்ளை இருக்கிறது. ஐயாவின்ர கையெழுத்தோடை."

"அது மார்கழியிலை."

அவள் கையை எடுத்தாள். "இ," என்றாள் மண்டபத்தைப் பார்த்து. "இ... இ..."

"பிள்ளை வலியிலை துடிக்கிறமாதிரிக் கிடக்கு," என்று முன்வரிசையில் வடிவம்மா உரக்கச் சொன்னாள். "ஆராவது தண்ணி குடுங்கோவன்."

பதினொன்று இருபத்தைந்துக்கு அதிதி பரமேஸ்வரனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். என்ன பிரச்சினை என்றார். பரமேஸ்வரனுக்கு அப்போது சொல்ல இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று உண்மை. அதை அவர் எடுக்கவில்லை.

"ஐயா, அவவுக்குத் தன்னம்பிக்கை காணாது. சான்றிதழ் கையிலை கிடைச்சால்..."

"குடுமன். கொண்டா இஞ்சை."

பையிலிருந்து பதினாறும் வெளியே வந்தன. அதிதி நாட்குறிப்பை அடியில் வைத்துப் பதினாறிலும் கையெழுத்திட்டார். பத்மாசனி 'இ'யைக் கைவிடாமல், ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டே நின்றாள். தன்னுடையதை வாங்கி, பெயரைப் பார்த்தாள், அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள். இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள்.

பிறகு மிச்சப் பதினெட்டு வரியையும் வானொலிச் செய்தி மாதிரி, ஒரு இடத்திலும் மூச்சு வாங்காமல், ஒன்றரை நிமிடத்தில் வாசித்து முடித்தாள். தாளில் பரமேஸ்வரன் எழுதியிருந்த 'இங்கே சற்றுத் தேம்பவும்' என்பதையும் சேர்த்து.

இப்போது மண்டபத்துக்கு ஏதாவது விளங்கிவிடும் என்று வினோஜா பயந்தாள். பயந்திருக்கத் தேவையில்லை.

அதிதி எழுந்து நின்று கைதட்டினார். "பாத்தீரே பரமேஸ்வரன். சான்றிதழ் கைக்கு வந்த உடனை என்ன மாதிரி வாசிக்கிறா. இதுதான் கண்டுபிடிப்பு. இதை நீர் எழுத வேணும்."

பரமேஸ்வரன் அப்போதே குறிப்பேட்டைத் திறந்துவிட்டார். இரண்டாம் கட்டத்தில் முதல் நாளே சான்றிதழ் வழங்கிவிட்டுப் பிறகு வகுப்புத் தொடங்குவதென்று இன்றைக்கு அந்தத் திட்டத்தில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது.

சாப்பாட்டுப் பார்சலுக்குப் பத்மாசனி நிற்கவில்லை. வாசலில் வடிவம்மா தன்னுடைய சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை நான் என்ன செய்யிறது?"

"நல்ல தடிச்ச மட்டை. கோழிக்கூட்டு ஓட்டைக்கு அடையுங்கோ," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாள்.

விண்ணப்பம் ஏற்கும் அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் பதினொரு பேர். கருமபீடத்தை அடையும்போது இரண்டே முக்கால். எழுதுவினைஞர் விண்ணப்பத்தைப் புரட்டி, சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கையெழுத்தைக் கண்டதும் மரியாதையாகக் கீழே வைத்தார். ஒரு படிவத்தைத் தள்ளினார்.

"நிபந்தனை எல்லாம் வாசிச்சுப்போட்டு ஒப்பம் வையுங்கோ. வாசிக்கத் தெரியும்தானே?"

"ஓம்," என்றாள் பத்மாசனி. "இண்டைக்குப் பதினொண்டரையிலை இருந்து."