பூட்டுப் போட்ட நலங்குப் பாட்டு

காவலூரைச் சுற்றியுள்ள மலையூர்களுக்கெல்லாம் மைக் செட் கட்டுகிறவன் பூபாலன். இருபது வருஷமாக ஊரான் பாட்டைப் பென்டிரைவில் ஏற்றி ஏற்றியே பிழைத்தவன். ஒரு பாட்டையாவது காசு கொடுத்து வாங்கியிருப்பானா? மூச்! அப்பேர்ப்பட்டவனுக்குச் சொந்தப் பாட்டு என்று ஒன்று வந்ததும் திருட்டுப் பயம் பிடித்துக்கொண்டது.

பாடியது அவன் பெண்டாட்டி வெண்ணிலா. நலங்குப் பாட்டு. பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது பெற்றவள்தான் பாட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வெண்ணிலா வாயைத் திறந்தால் அடுத்த தெரு ஆள்கூட வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பான். அதைத் தன் லேப்டாப்பிலேயே பதிவு செய்து, இணையத்தில் விற்கக் கிளம்பினான் பூபாலன்.

இரண்டு கடைகள் இருந்தன. ஒன்றில் வாங்கியவர் பாட்டை எதில் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். இன்னொன்றில் பாட்டுக்குப் பூட்டு உண்டு. அந்தக் கடையின் ஆப்பில் மட்டும்தான் பாடும். அதுவும் மாதாமாதம் கடை அனுமதித்தால்தான்.

"தொறந்த கடையிலயே போடுப்பா, நாலு பேரு கேக்கட்டும்" என்றாள் மகள் சசிகலா.

"உனக்கு இன்னா தெரியும்? நம்ம தொழில்ல இருக்கறவனுங்க எப்பேர்ப்பட்ட களவாணிங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

தெரியாதா பின்னே! பூட்டுக் கடையையே பிடித்தான். அதோடு விட்டானா? வீட்டில் இருந்தால் எவனாவது சுட்டுவிடுவான் என்று லேப்டாப்பில் இருந்ததையும் அழித்தான்.

அடுத்த வருஷம் வெண்ணிலாவுக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷனில் உயிர் தப்பியது, குரல் போயிற்று. பேசினால் காற்றுதான் வந்தது. "பாட்டு போன்ல இருக்குதில்ல? சசி நலங்குக்கு அதையே போட்டுக்கலாம்" என்று பூபாலன் தேற்றினான். அவளும் அதை நம்பித்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சந்தவாசல் பையனோடு சசிகலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நலங்குக்கு முதல் நாள் காலை, எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஆப்பைத் திறந்தான். பாட்டின் பெயர் இருந்தது, பாட்டு வரவில்லை. அனுமதி முடிந்துவிட்டதாம். புதுப்பிக்கலாம் என்றால் கடையையே இழுத்து மூடியிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய நாலைந்து பேருக்கும் அதே கதி. பைக்கை விரட்டிக்கொண்டு திருப்பத்தூர் போய் ஒரு செல்போன் கடைக்காரரிடம் காட்டினான்.

"கடையே இல்லன்னா யாருங்க தொறந்து வுடறது?" என்று அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் மானத்தை விட்டுத் தமிழ்மணி வீட்டு வாசலில் போய் நின்றான். தமிழ்மணியும் மைக் செட்காரன்தான். முன்பு ஒரு திருவிழாவில் ஸ்பீக்கருக்கு எதிரே போனை நீட்டி அந்தப் பாட்டைப் பதிவு செய்தான் என்று, பூபாலன் அவன் சட்டையைப் பிடித்து ஊர்க்கூட்டம் வரைக்கும் இழுத்திருந்தான்.

"எங்கனா ஒரு காப்பி வெச்சிருப்பியேப்பா... தேடிப் பாரேன்."

"நீதானேண்ணே ஊருக்கு முன்னாடி அழிக்க வெச்ச? புள்ளைங்க மேல சத்தியம் வேற வாங்கின. அழிச்சிட்டேண்ணே."

தமிழ்மணி குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டான். பூபாலனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் சசிகலாவை மணையில் உட்கார வைத்தார்கள். வெண்ணிலா மஞ்சளைக் குழைத்து மகளின் கன்னத்தில் பூசினாள். உதடு மட்டும் அசைந்தது. கூடியிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற எதுனா பாட்டு போடட்டுமாம்மா?" என்று பூபாலன் மகளிடம் கேட்டான்.

சசிகலா நிமிர்ந்து பார்த்தாள்.

"திருடிடுவானுங்க, திருடிடுவானுங்கன்னு துடிச்சியே. இப்ப திருடன் கையிலகூட இல்ல. நிம்மதியாப்பா?"