பதினேழாவது கேள்வி

மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். பிரசவத்துக்கு அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று, தான் இருக்கும் நாட்டிலிருந்தபடியே விசா வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். அம்மாவின் விண்ணப்பத்தை முந்தின நாளே முடித்துவிட்டாள். இன்றைக்கு அப்பாவுடையது. கேள்விகளைப் போனில் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி நிரப்பினாள்.

"பதினேழு. எப்பவாவது கோர்ட்ல தண்டனை வாங்கியிருக்கீங்களா?" என்று படித்துவிட்டு அவளே சிரித்தாள். "இல்லன்னு போட்டுடறேன். அடுத்தது..."

"இரும்மா. போடாதே."

"ஏம்ப்பா?"

"அதுக்கு ஆமான்னு போடணும்."

"என்னப்பா சொல்றீங்க?"

"நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப நான் வெளியூருக்கு வேலைக்குப் போனேன்னு அம்மா சொல்லியிருப்பா. அது வெளியூர் இல்லம்மா. ஜெயில்."

"நான் அப்புறம் கூப்பிடறேன்" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தூறல் விழுந்த ஒரு சாயங்காலம், வளைவில் பஸ்ஸை முந்தப் போய் எதிரே வந்த சைக்கிளில் மோதினார். ஓட்டி வந்தவர் ஒரு தச்சர். அந்த இடத்திலேயே போய்விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிக்குக் கை முறிந்தது. ஏழு மாதச் சிறை. வெளியே வந்தபிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கற்றுக்கொண்டார். வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் நிரப்புவதால் தெருவில் எல்லோரும் 'கேஸ்காரர்' என்றார்கள். விஷயம் தெரியாதவர்கள்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கோர்ட் கேஸ் ஞாபகம் வந்து அவருக்குச் சுருக்கென்று இருக்கும்.

இரண்டு நாள் கழித்து மகள் கூப்பிட்டாள். "தீர்ப்போட நகல் வேணுமாம். என்ன நடந்ததுன்னு உங்க வார்த்தையிலேயே ஒரு பக்கம் எழுதணுமாம்." அப்பா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கோர்ட்டில் நகல் பிரிவு குமாஸ்தா வருஷத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எலி மிச்சம் வச்சிருந்தா தர்றேன்." எலி மிச்சம் வைத்திருந்தது. மூன்றாவது நடையில் பதினோரு தாள் கிடைத்தது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். ஆறாவது தாளில் அவருடைய வாக்குமூலம் இருந்தது: சைக்கிளில் விளக்கு இல்லை, அதனால் தெரியவில்லை. அதற்கடுத்து தச்சரின் மனைவி சொன்னது: விளக்கு எரிந்தது, அன்றைக்குக் காலையில்தான் புதிதாக மாட்டினார். மோதியதில் விளக்கு நொறுங்கிவிட்டதாலும், கணவன்மேல் உள்ள பாசத்தில் அவள் மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்பதாலும், அந்தச் சாட்சியத்தை ஏற்க முடியவில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். தண்டனை குறைந்தது அதனால்தான்.

விளக்கு எரிந்தது. தூறலில் மஞ்சளாக ஆடிக்கொண்டு வந்ததை அவர் பார்த்தார். அது கிட்டே வருவதற்குள் பஸ்ஸைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தார். வக்கீல் சொல்லிக்கொடுத்ததுதான் அந்தப் பொய். ஆனால் வாய் கூசாமல் சொன்னது அவர். இத்தனை வருஷத்தில் மனைவியிடம்கூட அதை அவிழ்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்தார். தையல் மெஷினில் இருந்த மனைவி மிதிப்பதை நிறுத்தினாள்.

"அந்தம்மா கட்டுப் போட்ட கையோட கூண்டுல நின்னு அழுதப்ப, நான் இடுப்புல பிள்ளைய வச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்திருந்தேன். எப்படிப் புளுகுறா பாருன்னு மனசுக்குள்ள திட்டினேன்." துணியை மடித்து வைத்தாள். "எம்பசிக்கு எழுதறது இருக்கட்டும். முதல்ல அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

தீர்ப்பில் இருந்த விலாசத்தில் தச்சரின் மனைவி இப்போது இல்லை. விசாரித்ததில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். ஷிப்ட் முடிகிற நேரத்துக்குப் போய்ப் பின்வாசலில் நின்றார். சோப்புத்தூள் வாசனையோடு பெண்கள் வெளியே வந்தார்கள். வாட்ச்மேன் கைகாட்டிய பெண்ணின் வலது முழங்கை கொஞ்சம் கோணலாக இருந்தது.

"நான்... அந்த வேன் ஓட்டினவன்."

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "முடியெல்லாம் கொட்டிப் போச்சு" என்றாள்.

"விளக்கு எரிஞ்சுதும்மா. நான் பார்த்தேன். கோர்ட்ல பொய் சொன்னேன்."

"எரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதா? என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" அவள் குரல் உயரவே இல்லை. "இத்தனை வருஷம் விட்டுட்டு இப்ப என்ன ஞானோதயம்?"

"மகளுக்குப் பிரசவம். வெளிநாட்டுல இருக்கா. விசாவுக்காகப் பழைய பேப்பரை எடுக்கப் போனேன்."

"ஓகோ. அப்ப விசா கேட்கலன்னா வந்திருக்க மாட்டீங்க."

"மாட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். "என் மகன்கிட்டச் சொல்லுங்க. அப்ப அவனுக்கு அஞ்சு வயசு. வளர்ந்ததும் தீர்ப்பை வாங்கிப் படிச்சான். விளக்கு இல்லாத சைக்கிள்ல பொண்டாட்டியையும் ஏத்திக்கிட்டு வந்து செத்த மடையன்னுதான் அப்பனைச் சொல்றான். நான் சொன்னா, கோர்ட்டே உன்னை நம்பலையேம்மாங்கிறான்."

அவர் போனை வாங்கி, யார் என்பதையும் என்ன என்பதையும் சொன்னார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். பிறகு அது நின்றது.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்ககிட்டக் குடுங்க."

கொடுத்தார். அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேசியபடியே பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தாள். வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வைத்திருந்த வார்த்தை அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

எம்பசிக்கான பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினார். படித்துப் பார்த்த மகள் உடனே கூப்பிட்டாள்.

"விளக்கு விஷயத்தை யாருப்பா கேட்டா? பொய் சொன்னேன்னு தீர்ப்புல இல்லாததை நீங்களே எடுத்துக் குடுக்கறீங்க. இதுக்காகவே விசா மறுத்துட்டா?"

"திரும்பவும் அதே பொய்யை எழுதச் சொல்றியாம்மா?"

"உங்களுக்கு மனசு லேசாயிடும். வலியில நான் உங்களைத் தேடுவேனே, அதுக்கு என்ன பண்றது?" அவள் அழுதாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருத்திக்குச் செய்ததைச் சரிசெய்யப் போய் இன்னொருத்திக்குத் தீங்கு செய்கிறோமோ என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் எழுதியதை மாற்றவில்லை.

மனைவிக்கு மூன்று வாரத்தில் விசா வந்தது. அவருடையது விசாரணையில் இருப்பதாகப் பதில் வந்தது. மனைவி மட்டும் கிளம்பினாள். பேத்தி பிறந்ததை அவர் ஒரு வீட்டுச் சமையலறையில், பிரித்துப் போட்ட ஃப்ரிட்ஜுக்கு நடுவில் உட்கார்ந்து போனில் பார்த்தார். அந்த வீட்டுக்காரம்மா வாழ்த்துச் சொன்னார். பிரசவத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டபோது, "வேலை" என்றார். சொன்ன பிறகுதான் இதுவும் ஒரு பொய் என்று உறைத்தது.

குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது அனுமதி வந்தது. ஒரே ஒரு முறை நுழையலாம், அறுபது நாள். போய் இறங்கியதும் குடியேற்ற அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு அவரைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் கேள்வி கேட்டார். அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முத்திரை விழுந்தது.

வெளியே மகள் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா வீட்டில் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பதாகச் சொன்னாள். கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"அந்தம்மாவோட மகன் அப்புறம் பேசினாராப்பா?"

"இல்லம்மா. அந்தம்மா போன்லதான் பேசினேன். என் நம்பர்கூட அவன்கிட்ட இல்ல. ஆனாலும் தெரியாத நம்பர் வந்தா அவனோன்னு உடனே எடுத்துடறேன்."

"பேசினா என்ன சொல்வீங்க?"

"தெரியலம்மா. அவன் திட்டினா கேட்டுக்குவேன்."

அவள் நின்றாள். துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைக் காட்டினாள். "தூக்கிக்கிறீங்களா?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். "விமானத்துல வந்த கை. கழுவிட்டு வந்துடறேன்" என்று கழிப்பறையைத் தேடிப் போனார். அங்கே கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவியபடி வெகு நேரம் நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது குழந்தை தூங்கியிருந்தது.

"பரவால்ல, தூக்குங்க" என்றாள் மகள்.

"தூங்கட்டும். வீட்டுல போய்ப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்.