வௌவாலா, காளானா?

அண்ணி வௌவால்களை ஆராய்பவர், நான் காளான்களை. "ஒருத்தி அண்ணாந்தே பாக்குறா, ஒருத்தி குனிஞ்சே பாக்குறா, வீட்டைப் பாக்கத்தான் ஆளில்ல" என்று அண்ணன் புலம்புவான். இருவருக்கும் ஒரே இடம்தான், கைவிடப்பட்ட ஒரு சுரங்கம். நரைமூக்கு வௌவால் அங்கே மட்டும்தான் குட்டி போடுகிறது. அதன் எச்சத்தில் மட்டும்தான் என் வெள்ளைக் காளான் முளைக்கிறது.

இரண்டில் ஒன்றைத்தான் பாதுகாக்க முடியும் என்று வனத்துறை சொல்லிவிட்டது. ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு குழு. வலது காலா, இடது காலா என்று கேட்பதுபோல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெங்காயம் உரித்தபடியே அண்ணி ஒரு வழி சொன்னார்.

"வௌவாலுன்னாலே முகம் சுளிப்பாங்க. காளானே ஜெயிக்கட்டும். இடம் தப்பிச்சா ரெண்டும் தப்பிக்கும். எச்சத்தைப் பத்தி மட்டும் மூச்சு விடாத, காளானையும் கழிச்சுடுவாங்க."

"அப்ப நீங்க?"

"வாயே திறக்க மாட்டேன்."

அப்படியே செய்தோம். காளான் அழகு, யார் தலையிலும் மோதாது, நோய் பயமில்லை என்று அள்ளிவிட்டேன். காளான் ஜெயித்தது. வெளியே வந்து டீ குடித்துக்கொண்டே இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வாரம் காலையில் போனால், சுரங்க வாசல் முழுக்கக் கம்பிவலை. காளானை யாரும் மிதித்துவிடக் கூடாதாம். முந்தைய மாலை வௌவால்கள் இரை தேடப் போனதும் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். தாய்கள் வந்து வந்து வலையில் மோதின. உள்ளே பறக்கத் தெரியாத குட்டிகள். அவை கத்துவது என் காதுக்கு எட்டாது. வௌவால் சத்தத்தைக் கேட்கும்படி மாற்றித் தரும் அண்ணியின் கருவியில் கேட்டது.

துறை இயக்குநருக்குப் போன் போட்டேன்.

"சார், வலையை எடுக்கணும். வௌவால் இல்லாம காளானே இல்ல."

"குழுவுல நீங்க அதைச் சொல்லலையேம்மா?"

"உள்ள குட்டிங்க இருக்கு சார், செத்துடும்."

"இனி குழு கூடினாத்தான் முடியும். அடுத்த மாசம் பாக்கலாம்."

வலையைப் பிடித்து இழுத்தேன். விரல் கிழிந்ததுதான் மிச்சம். புதிதாக வந்த காவலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "தொடாதீங்கம்மா, என் வேலை போயிடும்."

வெயில் ஏறியதும் தாய்கள் எங்கோ போய்விட்டன. சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகை அடங்கவில்லை.

"திட்டவாவது செய்ங்க அண்ணி. இல்லன்னா வாங்க, போகலாம்."

அண்ணி கருவியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இரு. இன்னும் ஒண்ணு ரெண்டு கத்துது. அடங்கட்டும்."